இரண்டு உப்பளக் கதைகள், ஒரு அனிமேஷன் படம்: ஒலியிலிருந்து தொடங்கிய வேலை

நான் எழுதிய சிறுகதைகளில் இரண்டை எடுத்து 18 நிமிட அனிமேஷன் படமாகச் செய்து முடித்திருக்கிறேன். வரைந்தது, அசைத்தது, தொகுத்தது எல்லாம் வீட்டு மேசையில், ஒரே கணினியில். குரல்கள் மட்டும் மற்றவர்கள் தந்தவை. சொந்தக் கதையைப் படமாக்கும் ஆசை உள்ள எழுத்தாளர்கள் பலர் "எனக்கு வரைய வராதே" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். செய்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, வரைவது இரண்டாவது கவலைதான். கதையில் நம் வாக்கியங்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் படத்தில் எதைக் கொண்டு செய்யப்போகிறோம் என்பதுதான் முதல் கவலை. எனக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது ஒலி. அதனால் இந்தப் பதிவில் ஒலியைப் பற்றிய பேச்சு கூடுதலாக இருக்கும், மென்பொருள் விவரங்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

கதைகள் நடப்பது தூத்துக்குடி உப்பளத்தில். தனி ஆள் ஒருவர் படம் செய்ய உப்பளம் ரொம்பத் தோதான இடம். அடிவானம் வரை தட்டையாகக் கிடக்கும், மரம் கிடையாது, கூட்டம் கிடையாது, பாத்தியும் வரப்பும் உப்புக் குவியலும் வானமும்தான். என்னிடம் கடைத்தெருவில் நடக்கும் கதைகள் இருக்கின்றன, கதையாகப் பார்த்தால் அவை இவற்றைவிட நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு கடைத்தெருவை நம்பும்படி காட்டப் பின்னால் நடமாடும் ஆட்களையே நூற்றுக்கணக்கில் வரைய வேண்டும். தனியாகச் செய்கிறவர்கள் கதையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு கதையில், பருவம் தப்பி மழை இறங்கும் இரவு. வாரிக் குவித்த உப்பு கரைந்து போவதற்குள் மூடிவிட வேண்டும் என்று ஒரு ஆச்சியும் பேத்தியும் ஓடுகிறார்கள். இன்னொரு கதை, வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போன வேறொரு ஆச்சியைப் பற்றியது. அச்சில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். படத்துக்காக இருவரையும் ஒரே ஆச்சியாக்கினேன். கண் தெரியாத ஆச்சி இருட்டில் உப்பை மூட ஓடுகிறாள் என்று ஆனதும், இரண்டு கதைகளிலும் இல்லாத ஒரு முடிச்சு விழுந்தது, படத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வரைய உட்காரும் முன் ஒரு காகித வேலை இருக்கிறது. கதை ஏதாவது இதழிலோ தொகுப்பிலோ வந்திருந்தால், அப்போது என்ன எழுதிக் கொடுத்தோம் என்று எடுத்துப் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19இன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். என் கதைகளுக்கு அப்படி எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, உரிமை என்னிடமே இருந்தது. வெளியீட்டாளருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்திருப்பவர்கள் படமாக்கும் உரிமையும் அதில் போயிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இனி வாக்கியங்களுக்கு வருகிறேன். அச்சுக் கதையில் ஒரு வரி இருக்கிறது: "முப்பது வருஷம் அந்த வெள்ளையைப் பார்த்ததில் ஆச்சியின் கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் மிச்சம்." வாசித்தவர்கள் நினைவு வைத்துச் சொன்ன வரி. பின்னணிக் குரலில் இதை அப்படியே படித்துவிடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். படித்துவிட்டால் அதற்குக் கீழே வரும் காட்சி வெறும் அலங்காரமாக ஆகிவிடும். அதனால் கதையில் இருந்த எந்த வர்ணனை வரியையும் குரலாக வைக்கக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் "இது காதுக்கு எப்படி வரும்?" என்று எழுதிப் பார்த்தேன். ஆச்சிக்குக் கண் தெரியவில்லை என்றால் அவளுக்கு என்ன தெரியும்? வரப்பில் வருவது யார் என்று காலடியை வைத்துத் தெரியும். பாத்தியில் உப்பு இறுகிவிட்டதா என்று மிதிக்கும்போது வரும் நொறுங்கல் சத்தத்தில் தெரியும். போர் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இரைச்சல் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்துத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அந்த ஒரு வரி மூன்று சத்தங்களாகப் பிரிந்தது. அப்புறம் அந்த மூன்று சத்தங்களும் படம் முழுக்க ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போயின. மழை இரவில் மோட்டார் நின்றுவிடுகிறது, ஆச்சி திசை இழக்கிறாள். கதையில் இப்படி ஒரு கட்டமே கிடையாது, ஒலியை யோசித்ததால் கிடைத்தது.

வசனத்திலும் இதே கணக்குதான். அச்சில் பேத்தியிடம் ஆச்சி நான்கு வரி பேசுவாள். படத்தில் "ஏட்டி, வடக்க என்னட்டி கருக்கிட்டு வருதா?" என்று ஒரு கேள்வி, பேத்தியிடமிருந்து பதில் இல்லாத ஒரு இடைவெளி, அப்புறம் "ஆமா ஆச்சி". அந்த இடைவெளியில் தூரத்து இடி.

திரைக்கதை என்று தனியாக எழுதாமல் வானொலி நாடகம் போலவே எழுதினேன். இடது பக்கம் குரல், வலது பக்கம் சத்தம், படத்துக்கு இடமே இல்லை. அதை முழுதாக ஒலிப்பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கதை புரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பென்சிலை எடுத்தேன். நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டினேன். அவர்கள் எந்த இடத்தில் "இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார்களோ அந்த இடங்களுக்கு மட்டும் படம் கனமாக வேலை செய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மற்ற இடங்களில் படம் சும்மா உடன் நடந்தால் போதும். தனி ஆளுக்கு இந்தப் பிரிவினை பெரிய உதவி, எங்கே உழைப்பைக் கொட்டுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

குரல்களுக்கு நடிகர்களைத் தேடவில்லை. ஊர்ப் பேச்சு சரியாக வருகிறவர்களைத் தேடினேன். ஆச்சியாகப் பேசியவர் இளவயதில் உப்பளத்து வேலைக்குப் போனவர், "வரப்பு" என்று அவர் சொல்லும் தொனியே வேறு. எழுதிய வசனத்தைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் தாளைக் கொடுக்காமல் நிலைமையைச் சொல்லி, "இந்த நேரத்துல நீங்க பேத்திகிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பதிவு செய்தேன். பாதி வசனங்கள் நான் எழுதியதைவிட நன்றாக வந்தன, அவற்றையே வைத்துக்கொண்டேன். பேத்திக்குப் பேசிய சிறுமியிடம் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும், ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசும் காட்சிக்கு அவளை உண்மையிலேயே மொட்டை மாடிப் படி ஏறி இறங்கி வரச் சொன்னேன்.

பதிவு செய்தது ஒரு படுக்கையறையில். சுவரோரம் மெத்தையை நிறுத்தி, கதவிலும் ஜன்னலிலும் போர்வை கட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு. சிறிய கையடக்க ரெக்கார்டர்தான், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு. எம்பி3 போல ஒலியைச் சுருக்கும் கோப்பில் பதிவு செய்துவிட்டால் பிறகு இரைச்சலை நீக்கும்போது குரலும் சேர்ந்து உலோகம் போல ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் மௌனத்தையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும்போது அந்த மௌனத்தை ஒட்டாவிட்டால் பள்ளம் விழுந்த மாதிரி கேட்கும்.

உப்பளத்துச் சத்தங்களுக்காக அளத்துக்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு விடியும் முன் போனேன். வேலை தொடங்குவது அந்த நேரத்தில்தான், காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். மைக்குக்கு மேல் பஞ்சு உறையும் அதற்கு மேல் முடி வைத்த உறையும் போட்டுமே கடற்காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. மோட்டார் சத்தம், தூரத்துப் பேச்சு, பறவைகள், உப்பு வாரும் பலகை பாத்தித் தரையில் உரசி வரும் அந்த நீண்ட "சர்ர்ர்" எல்லாம் அங்கே கிடைத்தன. காலடி மட்டும் அங்கே சரியாக வரவில்லை. ஒரு அகலத் தட்டில் கல்லுப்பைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ரப்பர் பூட்ஸ் போட்ட காலால் மைக்குக்குப் பக்கத்தில் மிதித்தபோதுதான் ஆச்சி கேட்கும் சத்தம் வந்தது. காய்ந்த உப்பு, ஈர உப்பு, தண்ணீருக்கு அடியில் இருக்கும் உப்பு என்று மூன்று விதம் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் அடுக்கியது ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். அடாசிட்டி இலவசம்தான், ஆனால் இவ்வளவு அடுக்குகளை வைத்து இழுத்து நகர்த்த எனக்கு ரீப்பர் வசதியாக இருந்தது.

பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதையில் ஆச்சி ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுப்பாள். காகிதத்தில் அது ஒரு வரி, படத்தில் அது உரிமைப் பிரச்சினை. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பிறகு 60 ஆண்டு. அதாவது ரெக்கார்டு பழையதாகி உரிமை முடிந்திருந்தாலும் பாட்டின் உரிமை உயிரோடு இருக்கலாம். அமெரிக்காவில் நீனா பேலி என்ற அனிமேட்டர் ஏறக்குறைய தனியாளாகச் செய்து 2008இல் முடித்த "சீதா சிங்ஸ் த புளூஸ்" படத்துக்கு நேர்ந்தது இதுதான். 1920களின் ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தியிருந்தார், பதிவுகளால் சிக்கல் வரவில்லை, அந்தப் பாடல்களின் எழுத்துரிமையால் வந்தது, தீர்க்க 50,000 டாலர் ஆனது. நான் ஆச்சியின் வாயிலிருந்து சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, குரல் கொடுத்தவரே தன் அம்மாவிடம் கேட்ட ஒரு தாலாட்டைப் பாட வைத்தேன். பாரதியின் வரிகளை எடுத்துக்கொண்டு சொந்தமாக மெட்டுப் போட்டாலும் எந்தத் தடையும் இல்லை. முணுமுணுப்புதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள், திரைப்பட விழாக்களுக்கு விண்ணப்பிக்கும்போது உரிமை உங்களிடம் இருப்பதாக உறுதி கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒலி முடிந்ததும் அதன் மேல் அனிமேட்டிக், அதாவது படத்தின் முன்மாதிரி. தீக்குச்சி மனிதர்களாக வரைந்த படங்களை, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் உள்ள வீடியோ சீக்வென்சர் என்ற தொகுப்புப் பகுதியில் ஒலிக்கு ஏற்ப அடுக்குவதுதான். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் 5.0 பதிப்பிலிருந்து காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு பகுதி இருக்கிறது, அதிலும் செய்யலாம். ஒலி முன்னாலேயே முடிந்திருந்ததால் ஷாட்டின் நீளம் பற்றிய தடுமாற்றம் அநேகமாக வரவில்லை.

வரைவதில் கணக்கு முக்கியம். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி சட்டங்கள் என்றால் 18 நிமிடத்துக்கு 25,920 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12,960 படம், மூன்றுக்கு நிறுத்தினால் 8,640. அதிலும் அசையாமல் நிற்கும் ஷாட்டுகளைக் கழித்துவிட்டால் இன்னும் குறையும். மழை இரவின் ஓட்டத்தை மட்டும் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்று வரைந்தேன், மற்றதெல்லாம் மூன்று. ஆச்சியின் பார்வையில் வரும் ஷாட்டுகளில் வெள்ளைத் திரையில் மூன்று, நான்கு கோடுகள்தான். அங்கே ஒலிதான் எல்லாமே. பார்த்தவர்கள் இந்த ஷாட்டுகளைத்தான் அதிகம் பேசுகிறார்கள், வரைய ஆன நேரமோ மிகக் குறைவு.

வெள்ளையை வரைவது தனிப் பாடம். உப்பளம் வெள்ளை என்று வெள்ளையையே அடித்தால் திரையில் வெறும் காகிதம்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் அங்கே வெள்ளை ரொம்பக் குறைவு. விடியலில் குவியல்கள் நீலம், எட்டு மணிக்கு மேல் மஞ்சள் கலந்த சாம்பல். பாத்தித் தண்ணீர் அடர்த்தி கூடக் கூட நிறம் மாறுகிறது, நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் 25ஐ ஒட்டி உப்பு படியத் தொடங்கும் கட்டத்தில் உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. இது எனக்குப் பெரிய வரப்பிரசாதம். அச்சில் "பத்து நாள் கழித்து" என்று எழுதியிருந்த இடத்தில் படத்தில் தண்ணீரின் நிறத்தை மட்டும் மாற்றினேன். சுத்த வெள்ளை, படத்தில் ஆச்சியின் கண் வழியாகப் பார்க்கும்போது மட்டும்தான் வருகிறது.

வரைந்தது பிளெண்டருக்குள்ளேயே இருக்கும் கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவியில். முழுக்க இலவசம், 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு "ஃப்ளோ" படமே பிளெண்டரில் செய்ததுதான், ஆகவே கருவி போதுமா என்ற கேள்வி இனி வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், 4.3 பதிப்பில் கிரீஸ் பென்சிலை அடியோடு மாற்றி எழுதியிருக்கிறார்கள். நீண்டகால ஆதரவுள்ள 4.2 பதிப்பில் தொடங்கிய நான் கடைசி வரை அதிலேயே இருந்தேன். படம் முடியும் வரை பதிப்பை மாற்றாதீர்கள்.

வாயசைவுக்கு ரூபார்ப் என்ற இலவசக் கருவி உதவியது. வேவ் கோப்பைக் கொடுத்தால் எந்த நேரத்தில் எந்த வாய் வடிவம் என்று பட்டியல் தரும், அடிப்படை வடிவங்கள் ஆறு. அதில் இரண்டு விதமான அறிதல் முறைகள் உண்டு, ஒன்று ஆங்கிலத்துக்கானது, இன்னொன்று மொழி பாராமல் ஒலியை மட்டும் பார்ப்பது. தமிழுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் முடிவை அப்படியே வைக்க முடியாது, ஆனால் நல்ல தொடக்கம். கையால் திருத்தும்போது மூன்று விஷயங்களைப் பார்த்தேன். ப, ம வரும் இடங்களில் உதடு கட்டாயம் மூட வேண்டும், அதுவும் சத்தத்துக்கு ஓரிரு ஃபிரேம் முன்னாலேயே. வ வரும் இடத்தில் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ல, ள, ழ வேறுபாடு நாக்கில் நடக்கிறது, வெளியே தெரியாது, அதற்கு உழைக்க வேண்டாம். இவற்றைவிட முக்கியமானது உகரம். "உப்பு" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பாருங்கள். முதல் உ சொல்லும்போது உதடு குவிகிறது, கடைசி உகரத்தில் குவிவதே இல்லை, சும்மா தளர்ந்துவிடுகிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான். "வருது", "பாத்து", "போட்டு" என்று நம் பேச்சு முழுக்க அதுதான் இருக்கிறது. கருவி சில இடங்களில் அங்கே குவிந்த வாயைப் போட்டுவிடுகிறது, அப்படியே விட்டால் பாத்திரம் வேற்று மொழிக்காரர் தமிழ் பேசுவது போலத் தெரியும். அவற்றையெல்லாம் தளர்ந்த வாயாக மாற்றியதும் ஆச்சி தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள்.

பிளெண்டருக்குள் தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்யாதீர்கள். ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" சிதறி நிற்கும். அளத்துப் பெயர்ப்பலகை, படத் தலைப்பு, நன்றிப் பட்டியல் எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டோவியக் கோப்பாக உள்ளே கொண்டுவந்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

ரெண்டர் செய்யும்போது, அதாவது வரைந்ததைக் கணினி இறுதிப் படமாக ஆக்கும்போது, நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். நடுவில் கரண்ட் போனால் வீடியோ கோப்பு மொத்தமாகக் கெட்டுவிடும், படங்களாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிளெண்டர் அமைப்பில் ஓவர்ரைட்டை (இருக்கும் கோப்பின் மேல் எழுதுவதை) எடுத்துவிட்டு பிளேஸ்ஹோல்டரை (தொடங்கிய ஃபிரேமுக்கு வெற்றுக் கோப்பு வைத்து இடம் பிடிப்பதை) தட்டி வைத்தால் இரவல் வாங்கிய இன்னொரு மடிக்கணினியையும் அதே வேலையில் போட்டுவிடலாம், இரண்டும் ஒரே ஃபிரேமில் மோதிக்கொள்ளாது.

திரையரங்கில் போடும் விழாக்கள் டிசிபி, அதாவது திரையரங்கு புரொஜெக்டருக்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு, கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்யலாம். 1920க்கு 1080 அளவில் செய்த படம் 1998க்கு 1080 என்ற ஃபிளாட் சட்டத்துக்குள் போகும்போது இரு ஓரமும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், அது பரவாயில்லை. விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யூடியூபில் போடுவதைத் தள்ளி வையுங்கள், முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று சில விழாக்கள் நிபந்தனை வைக்கின்றன.

படத்தை அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். இதற்கிடையில், வரைவதற்கு முன் செய்த அந்த வானொலி வடிவத்தையும் தனியாகச் சரிசெய்து வெளியிடுகிறேன். ஆச்சிக்குக் குரல் கொடுத்தவருக்கே இப்போது பார்வை சரியில்லை, அவரோடு அளத்து வேலைக்குப் போன பெண்கள் சிலருக்கும் அப்படித்தான், அவர்கள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். கடைசிக் காட்சி மட்டும் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்று இருந்தது, அதற்காகப் பேத்திக்கு இரண்டு வரி கூடுதலாகப் பதிவு செய்தேன். வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குக் கோப்பைச் சுருக்கினேன். பலகை உரசும் சத்தத்தையும் காலடியையும் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன், கைபேசி ஸ்பீக்கரில் அவை அமுங்கிவிடுகின்றன.